கண்ணுக்கு வாங்கினேன், காதுக்குப் பயன்படுகிறது

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நம் இரண்டு கையும் நமக்குச் சொந்தமில்லை. ஒரு கையில் தக்காளிப் பை, மறு கையில் கீரைக்கட்டு. பின்னால் மூட்டை சுமக்கிறவர் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வரும். முன்பெல்லாம் பையைக் கீழே வைத்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். இப்போது மணி என் கண்ணாடிக் காம்பில் அடிக்கிறது. வாயால் சொன்னால் எடுத்துக்கொள்கிறது. "என்னங்க, முருங்கைக்காய் சொல்ல மறந்துட்டேன்" என்று மனைவி சொல்வது காதில் விழும்போதே மூட்டைக்காரரின் குரலும் விழுகிறது, ஒதுங்கி வழி விடவும் முடிகிறது. காதுக்குள் எதையும் செருகவில்லையே.

இந்த ஸ்மார்ட் கண்ணாடியை நான் மாட்டத் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. என்னுடையது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அதன் குறைகளையும் எழுதப்போகிறேன், அவை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றே கேள்விதான் கேட்கிறார்கள். இது என்ன செய்யும்? எனக்குத் தேவைப்படுமா? இப்போது என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாயா? மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆனாலும் வரிசைப்படியே போகிறேன்.

ஸ்மார்ட் கண்ணாடி என்ற ஒரே பெயரில் வேறு வேறு பொருள்கள் விற்கின்றன. கடையில் குழம்பிப்போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள். முதல் வகையில் லென்ஸ் வெறும் லென்ஸ்தான், அதில் எழுத்தோ படமோ தெரியாது. ஃப்ரேமின் முன் ஓரத்தில் கேமரா, காம்புக்குள் ஸ்பீக்கர், மைக், பேட்டரி. புளூடூத் வழியாக உங்கள் போனோடு சேர்ந்து வேலை செய்யும். 2023 அக்டோபரில் உலகச் சந்தைக்கு வந்து, 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்த ரே-பான் மெட்டா இந்த வகை. இன்றைக்கு ஒருவர் ஸ்மார்ட் கண்ணாடி வாங்கினேன் என்றால் அநேகமாக இப்படி ஒன்றைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது வகையில் லென்ஸிலேயே எழுத்து தெரியும். ஈவன் ரியாலிட்டீஸ் ஜி1 என்ற கண்ணாடியில் கேமராவே கிடையாது, பச்சை நிற எழுத்து மட்டும் கண் முன்னால் மிதக்கும். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்த மெட்டா ரே-பான் டிஸ்ப்ளேயில் வலது கண்ணுக்கு மட்டும் ஒரு சின்னத் திரை உண்டு. மணிக்கட்டில் கட்டும் பட்டை, விரலை அசைக்கும்போது தசையில் எழும் மின் சமிக்ஞையைப் படித்து அந்தத் திரையை இயக்குகிறது. வெறும் கண்ணாடியில் எழுத்து எப்படி வருகிறது என்று பலரும் வியக்கிறார்கள். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இதற்கும் அடிப்படை. காம்பின் மூலையில் கடுகளவு புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஒளி லென்ஸின் ஓரம் வழியாக உள்ளே நுழைந்து, முன்பரப்பிலும் பின்பரப்பிலும் மாறி மாறி முட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே நகரும். கண்ணுக்கு நேரான இடம் வந்ததும் அங்கே செய்துவைத்திருக்கும் நுண்ணிய அமைப்பு அதைக் கண்ணை நோக்கி வெளியே திருப்பிவிடும். ஃபைபர் இன்டர்நெட் கேபிளுக்குள் ஒளி ஓடுவதும் இதே முறையில்தான்.

கம்பியால் போனோடு இணைத்துச் சினிமா பார்க்கிற எக்ஸ்ரியல் போன்றவை மூன்றாவது வகை. அவற்றைக் கண் முன்னால் தொங்கும் டிவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மாட்டிக்கொண்டு யாரும் காய்கறி வாங்கப் போவதில்லை. நான் எழுதுவது முதல் வகையைப் பற்றி.

இதை வாங்கும்போது என் மனதில் இருந்தது கேமராதான். முதல் மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தேன். வைகைப் பாலம், புதுமண்டபம், சாம்பாரில் கொதிக்கும் வெண்டைக்காய் உட்பட. இப்போது வாரத்துக்கு நாலு படம் எடுத்தால் அதிகம். நான் பார்ப்பதையெல்லாம் படமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை தானாகவே வடிந்துவிட்டது. ஆனால் ஒரு வீடியோவுக்காக இந்தப் பணம் தகும் என்று சொல்வேன். என் பெண் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள். சீட்டைப் பிடித்தபடி நான் பின்னால் ஓடுகிறேன். படத்தில் என் இரண்டு கையும் தெரிகின்றன, நடுவில் அவள் பின்னல். பிறகு ஒரு கை விலகுகிறது, அடுத்த கையும் விலகுகிறது, பின்னல் மட்டும் தூரம் போகிறது. போனைப் பிடித்துக்கொண்டு இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது. போனைப் பிடித்திருந்தால் சீட்டைப் பிடிக்கக் கை ஏது?

கேமரா ஓய்ந்ததும், இந்தக் கண்ணாடி தினமும் எனக்குச் செய்யும் வேலை எல்லாம் காதில் நடக்கிறது என்பது புரிந்தது. போன் பேசுவது, இளையராஜா கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவது, தெரியாத ஊரில் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று வழி கேட்டுக்கொண்டு நடப்பது, இட்லிக்குப் பத்து நிமிடம் என்று நேரம் வைப்பது. எலும்பின் வழியாகத்தான் ஒலி போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கண்ணாடிகளில் அப்படி இல்லை. காம்பின் அடிப்பக்கத்தில் காதுத் துளையைப் பார்த்தபடி ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஸ்பீக்கரின் மறுபக்க ஒலி வேறொரு துளை வழியாக வெளியேறுகிறது. இந்த இரண்டு ஒலி அலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, காதுக்கு மிக அருகில் மட்டும் முன்துளையின் ஒலி பலமாக நிற்கிறது. அதனால்தான் நமக்குக் கேட்கிற பாட்டு பக்கத்து சீட்காரருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அவ்வளவாக என்றுதான் சொன்னேன். நிசப்தமான அறையில் ஒலியைக் கூட்டி வைத்தால் அவருக்கும் கேட்கும். அந்தரங்கமான பேச்சை இதில் பேச வேண்டாம்.

மைக்கும் இதே போலக் கணக்குப் போட்டு வேலை செய்கிறது. ரே-பான் மெட்டாவில் ஐந்து மைக், அதில் ஒன்று மூக்குத் தாங்கியின் அருகே இருக்கிறது. உங்கள் குரல் ஐந்துக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேராது. அந்த நுண்ணிய நேர வித்தியாசத்தை வைத்து, இது வாயிலிருந்து வரும் குரல், அது பஸ் ஹாரன் என்று கருவி பிரித்துக்கொள்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தின் இரைச்சலில் நின்று நான் பேசினாலும் எதிர்முனையில் இருப்பவர் "எங்கே இருக்கே, வீட்டிலா?" என்று கேட்கிறார்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. "நான் பார்ப்பது என்ன?" என்று கேட்டால் கண்ணாடி பதில் சொல்லும் என்று விளம்பரம் சொல்கிறது. உண்மையில் கண்ணாடி எதையும் யோசிப்பதில்லை. அழைப்புச் சொல்லை அடையாளம் காண்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிகிறது. அதன் பிறகு கேமரா ஒரு படம் எடுக்கிறது, படம் போனுக்குப் போகிறது, போனிலிருந்து இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது, அங்கே பதில் தயாராகி வந்த வழியே திரும்புகிறது. நாம் கேட்டபின் வரும் சில நொடித் தாமதம் இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம். டேட்டா இல்லாத மலைப்பாதையில் அது ஊமை. இந்தப் பயணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிரே பார்த்த மனிதரின் முகமும் இதே வழியில்தான் போகிறது.

என் பெரியப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா அவருடைய பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுவிட்டது, நடுவில் மிஞ்சியதும் மங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இதுல என்ன போட்டிருக்கு பாரு."

"நீங்களே படிங்க பெரியப்பா" என்று சொல்லி என் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினேன். என் பவர் அவருக்குப் பொருந்தாது. ஆனால் இந்த வேலைக்கு அவர் கண் தேவையில்லை. என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று காதில் சொன்னேன். வகுப்பறையில் நிற்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, அட்டையை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். கண்ணாடி மருந்தின் பெயரைச் சொன்னது. காலாவதி மாதம் சொன்னது.

"பக்கத்துல ஒருத்தன் நின்னு சொல்ற மாதிரி இருக்குடா" என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கேலண்டர், கரண்ட் பில், அலமாரியில் இருந்த ஆங்கில அகராதியின் முதுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்துக் கேட்டார். யாரையும் கூப்பிடாமல், யார் நேரத்தையும் வாங்காமல் படித்து மூன்று வருடம் ஆகிறது அவருக்கு.

அப்புறம் அளவு எவ்வளவு என்று கேட்டார். கண்ணாடி "25 மில்லிகிராம்" என்றது.

"ரெண்டரைடா அது" என்றார் பெரியப்பா. "பிரஷர் மாத்திரை. நான் தினம் போடுறது எனக்குத் தெரியாதா?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். 2.5 என்றுதான் இருந்தது. பளபளக்கும் அலுமினியத் தாளின் சுருக்கத்தில் புள்ளி மறைந்துவிட்டது. பத்து மடங்கு தவறை அது ஒரு தயக்கமும் இல்லாத குரலில் சொன்னது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். மருந்தின் அளவையும் நேரத்தையும் டப்பாவின் மேல் கறுப்பு மார்க்கரில் கட்டை விரல் உயரத்துக்கு எழுதிவைக்கிறோம். எந்த டப்பா என்று தேட மட்டும் கண்ணாடி. மருந்து அளவு, வங்கிக் கணக்கு எண், பஸ் தடம் எண், இந்த மூன்றிலும் கண்ணாடியின் பேச்சை ஒரு மனிதரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். தமிழ்ப் பலகைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நான் பயன்படுத்திய வரையில், ஆங்கில எழுத்தைப் படிப்பதுபோல் என் கண்ணாடி தமிழ் எழுத்தைப் படிப்பதில்லை. ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு ஊருக்குப் போய்விடுவோம்.

இத்தனை இருந்தும், பார்வை குறைந்தவர்களுக்கு இது பெரிய துணை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபர்க், தானே பார்வைக் குறைபாடு உள்ளவர், 'பி மை ஐஸ்' என்ற செயலியை 2015இல் கொண்டுவந்தார். பார்வையற்றவர் ஒருவர் வீடியோவில் அழைத்தால் அவர் மொழி பேசும் தன்னார்வலர் ஒருவர் எடுத்து, எதிரே இருப்பதைப் பார்த்துச் சொல்வார். ஒரு கையில் வெள்ளைக் கோல், மறு கையில் பை வைத்திருப்பவர் போனை எந்தக் கையால் தூக்கிக் காட்டுவார்? அந்த அழைப்பு 2024 இறுதியில் ரே-பான் மெட்டா கண்ணாடியிலிருந்தே செய்யும்படி வந்தது. அதற்கும் முன்பே, கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் என்ற இருவர் நெதர்லாந்தில் தொடங்கிய என்விஷன் நிறுவனம், பார்வையற்றவர்களுக்கென்றே படித்துச் சொல்லும் கண்ணாடியை 2020இல் வெளியிட்டது. அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட கருவி, ஊரெல்லாம் தோற்றுப்போனது என்று ஒதுக்கிய கூகுள் கிளாஸ்.

கூகுள் கிளாஸின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். கேமரா வைத்த அந்தக் கண்ணாடியை 2012இல் அறிவித்தார்கள். 2013இல் 1,500 டாலருக்குச் சிலரிடம் மட்டும் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்திவிட்டார்கள். விலை ஒரு காரணம், பார்வைக்கு விசித்திரமாக இருந்தது இன்னொரு காரணம். ஆனால் எதிரே உட்கார்ந்தவரின் மனக்கசப்புதான் அதை வீழ்த்தியது என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் சில மதுக்கூடங்கள் இதை மாட்டிக்கொண்டு உள்ளே வராதே என்று அறிவித்தன. மாட்டியவர்களுக்கு வசைப்பெயரே வந்துவிட்டது. அதன் பிறகு தொழிற்சாலையிலும் கிடங்கிலும் கை நிறைய வேலை இருப்பவர்களிடம் அது எட்டு ஆண்டு உயிரோடு இருந்தது. 2023 மார்ச்சில்தான் அந்த விற்பனையும் நின்றது.

இன்றைய கண்ணாடி பார்க்கச் சாதாரணக் கண்ணாடி போலவே இருக்கிறது. அதனால் அந்த மனக்கசப்பு எழவே வாய்ப்பில்லாமல் போகிறது. இது எனக்கு நிம்மதி தரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வாரத்தில் இரண்டு நாள் கறிவேப்பிலை பறிக்க எங்கள் வாசலுக்கு வருவார். தலைக்குக் குளித்து ஈரத் துண்டு சுற்றியபடி, நைட்டியோடு, நம் வீட்டு மனுஷர்கள்தானே என்ற உரிமையோடு. ஒரு நாள் பறித்துக்கொண்டே நின்று கேட்டார்: "தம்பி, உங்க கண்ணாடியில கேமரா இருக்காமே? நிஜமா?"

"இருக்குக்கா. ஆனா இப்ப எதுவும் எடுக்கல."

"சரி" என்றார். முகம் சரி என்று சொல்லவில்லை. துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாதிக் கொத்தோடு போய்விட்டார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அது உண்மை என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? படம் எடுக்கும்போது ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரியும், அதுதான் மற்றவர்களுக்கான எச்சரிக்கை என்கின்றன கம்பெனிகள். அன்று மாலை மனைவியைக் கூப்பிட்டுச் சோதித்தேன். அந்தி வெளிச்சத்தில் விளக்கு நன்றாகவே தெரிந்தது. மறுநாள் நண்பகலில் மொட்டைமாடியில் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். "எரியுதா? எனக்குத் தெரியலையே" என்றாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. நம் ஊர் வெயிலில் அந்தக் கடுகு விளக்கு யாரை எச்சரிக்கும்? 2021இல் ரே-பான் மெட்டாவுக்கு முன்னோடியான ரே-பான் ஸ்டோரீஸ் வந்தபோதே இத்தாலி, அயர்லாந்து நாடுகளின் தகவல் பாதுகாப்பு ஆணையங்கள் இதே கேள்வியை எழுப்பின. அடுத்து வந்த கண்ணாடியில் விளக்கைப் பெரிதாக்கினார்கள், விளக்கை மூடினால் படம் எடுக்காதபடியும் செய்தார்கள். அதையும் மீறி, காசு வாங்கிக்கொண்டு விளக்கைச் செயலிழக்கச் செய்து தருபவர் இருப்பதாக 2025இல் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது.

2024 அக்டோபரில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்துகாட்டினார்கள். கடையில் கிடைக்கும் கண்ணாடியின் வீடியோவை நேரலையாக எடுத்து, அதில் வரும் முகங்களை இணையத்தில் யாருக்கும் கிடைக்கிற முகத் தேடல் சேவையில் கொடுத்து, வழியில் போகிறவரின் பெயரையும் வேறு விவரங்களையும் சில நிமிடங்களில் எடுத்தார்கள். அந்த நிரலை அவர்கள் வெளியிடவில்லை. ஆபத்தை எல்லோரும் அறிய வேண்டும் என்பதே நோக்கம் என்றார்கள். அந்தக் கண்ணாடிக்குள் முகம் அறியும் வசதி இருக்கவில்லை என்பது உண்மை. அது தேவைப்படவே இல்லை என்பதும் உண்மை.

சட்டம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு பெண்ணின் தனிமையை ஒளிந்து பார்ப்பதும் பதிவு செய்வதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். எந்தக் கருவியால் எடுத்தீர்கள் என்பதில் வித்தியாசம் இல்லை. தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். நீங்கள் எடுக்காவிட்டாலும் கேமரா கண்ணாடியோடு தியேட்டரில் உட்கார்ந்திருப்பது தேவையில்லாத தலைவலி.

கோயிலையும் தனியாகச் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. கண்ணாடி செல்போன் இல்லையே என்று வாதாடலாம், ஆனால் தடையின் நோக்கம் கேமராவையும் சேர்த்துத்தான். 2025 ஜூலையில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இப்படி ஒரு கண்ணாடியோடு போன வெளிமாநிலப் பக்தரைக் காவலர்கள் பிடித்தார்கள், வழக்கும் பதிவானது. செல்போனை ஒப்படைக்கும் இடத்தில் கண்ணாடியையும் ஒப்படைத்துவிடுங்கள்.

பவர் கண்ணாடியாகப் போட்டிருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல், வாங்கும் வரை இது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் சன்னிதியில் சுடர் மட்டும் தெரியும், அம்மன் தெரிய மாட்டாள். கோயில், தியேட்டர், தேர்வு அறை, ஆஸ்பத்திரி வார்டு என்று கழற்ற வேண்டிய இடங்கள் நிறைய. எனவே பழைய சாதாரணக் கண்ணாடியையும் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். புதுக் கண்ணாடி வாங்கினால் பழையது வேண்டாம் என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

லென்ஸ் போடும் விஷயத்திலும் முன்யோசனை வேண்டும். நம் ஊர்க் கண்ணாடிக்கடைகளில் பிளாஸ்டிக் ஃப்ரேமைச் சூடுகாட்டி இளக்கித்தான் லென்ஸைப் பொருத்துவார்கள், காம்பையும் அப்படித்தான் காதுக்கு ஏற்ப வளைப்பார்கள். ஸ்மார்ட் கண்ணாடியின் காம்புக்குள் பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கின்றன. சூடு காட்டினால் தீர்ந்தது. எனக்குப் பழக்கமான கடைக்காரர் கையில் வாங்கி எடை பார்த்து, "இதைத் தொட மாட்டேன் சார், நாளைக்கு என்னைச் சொல்லுவீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. வாங்கும் இடத்திலேயே லென்ஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ரே-பான் மெட்டாவின் முதல் பதிப்புக்கு மைனஸ் 6 முதல் பிளஸ் 4 வரை என்று பவர் வரம்பும் உண்டு. அதிகப் பவர் உள்ளவர்கள் முதலில் இதை விசாரிக்க வேண்டும். மாட்டிப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்கவும் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி 25 கிராம் என்றால் இது 50. மூக்குப் பொருந்தாவிட்டால் மாலைக்குள் இரண்டு சிவப்புத் தழும்பு விழும்.

பேட்டரியைப் பற்றி ஒரு கணக்கு. போனில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும் காலத்தில், இந்தக் காம்புக்குள் 150, 250 என்ற அளவில்தான் இடம் கிடைக்கிறது. ரே-பான் மெட்டாவின் முதல் பதிப்புக்குச் சுமார் நான்கு மணி நேரம், 2025இல் வந்த இரண்டாவது பதிப்புக்கு எட்டு மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. தொடர்ந்து வீடியோ எடுத்தால் இவ்வளவு வராது. வைக்கும் கூடுதான் சார்ஜர், எனவே கழற்றியதும் கூட்டில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் சமாளிக்கலாம். சித்திரை வெயிலில் இரண்டு முறை என் கண்ணாடி சூடாகி, படம் எடுப்பதைத் தானே நிறுத்திக்கொண்டது. பைக்கின் டேங்க் கவரில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். வியர்வையின் உப்பு சார்ஜ் ஏறும் முனைகளில் படியும், தினமும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஹெல்மெட் போடும்போது தடித்த காம்பு நெற்றிப்பொட்டில் அழுத்தும், காம்பில் உள்ள தொடுபலகை நசுங்கிப் பாட்டு தானாக ஓடும். வண்டி ஓட்டும்போது நான் இதை அணைத்துவிடுகிறேன். கை காலியாக இருக்கலாம், கவனம் காலியாக இல்லை.

பேட்டரி ஓய்ந்துபோனால் தனியாக மாற்றும் வசதி பெரும்பாலான கண்ணாடிகளில் இல்லை. தாத்தாவின் ஃப்ரேமைப் பேரன் போடலாம் என்ற காலத்துப் பொருள் இது இல்லை. முப்பதாயிரம் ரூபாயைச் சில வருடத்துக்கான செலவு என்று நினைத்து வாங்குங்கள்.

வாங்கியதும் செயலியின் அமைப்புகளுக்குள் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். மெட்டா கம்பெனி 2025 ஏப்ரலில் மாற்றிய விதிப்படி, அதன் கண்ணாடியில் உதவியாளரை அழைத்துப் பேசும் குரல் பதிவுகள் ஓராண்டு வரை சேமிக்கப்படலாம். சேமிக்கவே வேண்டாம் என்று சொல்லும் வழி இல்லை, நீங்களே போய் அழிக்க வேண்டும், அல்லது குரல் அழைப்பையே அணைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அழித்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் பேசுவதும் அதில் விழும்.

யாருக்கு இது தேவை என்று கேட்டால் என் பதில் நேரானது. பார்வை குறைந்தவர்களுக்கு முதல் உரிமை. வேலையில் இரண்டு கையும் அழுக்காகவோ நிறைவாகவோ இருப்பவர்கள், மெக்கானிக், சமையல்காரர், கைக்குழந்தைக்காரர், இவர்களுக்கும் பயன்படும். நல்ல போட்டோ வேண்டும் என்பவர்களுக்கு அதே பணத்தில் நல்ல போன் கிடைக்கும். எனக்கு இருந்த தேவை போல் போன் பேசவும் பாட்டு கேட்கவும் மட்டும் என்றால், கேமராவே இல்லாத ஒலிக் கண்ணாடி போதும். டைட்டன் 2022இல் 9,999 ரூபாய்க்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மறுபடி வாங்க நேர்ந்தால் நான் அந்த வகையைத்தான் வாங்குவேன். பெரியப்பாவுக்குக் கேமரா உள்ளது ஒன்று வாங்கித் தருவேன்.

பக்கத்து வீட்டு அக்கா விஷயத்துக்குப் பிறகு, எங்கள் வாசலுக்கு யார் வந்தாலும் கழற்றிக் கூட்டில் வைத்துவிடுகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே இதையும் கழற்றிப் பழைய கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். நீங்களும் வாங்கினால் இதைச் செய்யுங்கள், யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரே நிற்பவரின் ஃப்ரேம் ஓரத்தில் வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் "அதில் கேமரா இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் கழற்றச் சொல்லுங்கள். கேட்பது அநாகரிகம் இல்லை, உங்கள் உரிமை.